தற்காப்பும் தர்மமும்

நள்ளிரவில் வீட்டின் பின்கதவு உடைபடும் ஓசை கேட்கிறது. உள்ளே மனைவியும் குழந்தைகளும் வயது முதிர்ந்த பெற்றோரும் உறங்குகின்றனர். எழுந்து வந்தவனின் கையில் ஒரு தடி இருக்கிறது. அந்நிலையில் இல்லறத்தானின் தர்மம் யாது? அகிம்சையை எண்ணிக் கைகட்டி நிற்பதா, எதிர்த்து அடிப்பதா? அடிப்பதாயின் எதுவரை அடிக்கலாம்?

சத்சங்கங்களில் இல்லற அன்பர்கள் பலர் சற்றுத் தயக்கத்துடன் எழுப்பும் வினா இது. தயக்கத்திற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் ஜபமும் பாராயணமும் செய்பவர், எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகிறான் என்று படிப்பவர், திருடனை அடிப்பது பற்றி ஒரு துறவியிடம் கேட்கலாமா என்று கூசுகிறார். கூசத் தேவையில்லை. நமது சாஸ்திரங்கள் இவ்வினாவைக் கண்டு ஒதுங்கவில்லை. அவை இதனை நேருக்கு நேராக எடுத்துக்கொண்டு ஆராய்ந்துள்ளன. நாட்டின் சட்டமும் இதற்கு விரிவான விடை தருகிறது. இவ்விரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே தர்மம் சட்டத்தைக் கடந்து மேலும் ஓரடி கேட்கிறது என்பதை இங்கே சிந்திப்போம்.

துறவியின் வழியும் இல்லறத்தானின் வழியும்

காஜிப்பூரில் வாழ்ந்த பவஹாரி பாபாவின் வரலாற்றைச் சுவாமி விவேகானந்தர் எழுதியுள்ளார். 1890-ல் அம்மகானை நேரில் தரிசித்தவர் அவர். ஒருநாள் திருடன் ஒருவன் பாபாவின் குடிலுக்குள் புகுந்தான். அங்கிருந்த சொற்பப் பொருள்களை மூட்டையாகக் கட்டினான். பாபாவைக் கண்டதும் அஞ்சி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். பாபாவோ மூட்டையைச் சுமந்துகொண்டு வெகுதூரம் அவன் பின்னால் ஓடினார். அவனைப் பிடித்து, அவன் காலடியில் அதை வைத்து, இடையூறு செய்ததற்காக மன்னிப்பு வேண்டி, ஏற்றுக்கொள்ளும்படி கைகூப்பிக் கெஞ்சினார்.

தமிழன்பர்கள் நன்கறிந்த மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறும் இத்தகையதே. சிவனடியார் வேடத்தில் அந்தப்புரம் வரை நுழைந்த முத்தநாதன் மறைத்து வைத்திருந்த ஆயுதத்தால் அரசரைக் குத்தினான். அவனை வெட்ட வாளோங்கிய காவலன் தத்தனைத் தடுத்து, எவரும் தீங்கு செய்யாதபடி அவனை ஊரெல்லைக்கு அப்பால் பத்திரமாகக் கொண்டுபோய் விடுமாறு கட்டளையிட்டார் அம்மன்னர். அந்தச் செய்தி திரும்பி வரும்வரை உயிரைத் தாங்கியிருந்தார்.

இவ்வரலாறுகளைக் கேட்கும்போது நம் கண்கள் பனிக்கின்றன. எனினும் இவற்றை நம் வீட்டு வாயிற்படியில் அப்படியே பொருத்திப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவஹாரி பாபா கொடுத்தது தமக்குரிய பொருளை. மெய்ப்பொருள் நாயனார் கொடுத்தது தமது உயிரை. பிறருடைய உயிரை அவர்கள் கொடுத்துவிடவில்லை. தன்னுடையதைத் துறப்பது தியாகம். தன்னை நம்பி உறங்கும் குழந்தையின் பாதுகாப்பைத் துறப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

இந்த வேறுபாட்டைத் திருவள்ளுவர் நூலின் அமைப்பிலேயே காட்டியிருக்கிறார். தன்னுயிரே போவதாயினும் பிறிதோர் உயிரைப் போக்கும் செயலைச் செய்யலாகாது என்று சொல்லும் கொல்லாமை அதிகாரம் துறவறவியலில் இடம்பெறுகிறது. கொடியோரை ஒறுக்கும் கடமையோ பொருட்பாலில், அரசனுக்குரிய செங்கோன்மையில் வைக்கப்பட்டுள்ளது. கொல்லாமை துறவியின் விரதம். தண்டித்தல் அரசின் கடமை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறான் இல்லறத்தான். துறவியைப் போல முற்றிலும் கையொடுக்கி இருக்கவும் அவனுக்கு இயலாது. அரசனைப் போலத் தண்டிக்கவும் அவனுக்கு உரிமையில்லை. அவனுக்கு உரியது மூன்றாவதான ஒரு கடமை. அதுவே காத்தல்.

1895-96ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமிஜி இக்கருத்தை வலியுறுத்துகிறார். தீமையை எதிர்க்காமை மிக உயர்ந்த நெறிதான். ஆனால் எதிர்க்கும் ஆற்றல் இருந்தும் எதிர்க்காமல் இருப்பவனுக்கே அது உயர்வு. ஆற்றலின்றியோ அச்சத்தினாலோ சோம்பலினாலோ எதிர்க்காமல் இருப்பவன் அகிம்சையின் பெயரால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். மகாநிர்வாண தந்திரத்தை எடுத்துக்காட்டி, பகைவர் முன் இல்லறத்தான் வீரனாக நிற்க வேண்டும், அது அவனது கடமை என்கிறார் அவர்.

அகிம்சையை உயிர்மூச்சாகக் கொண்ட சமண நெறியும் இல்லறத்தானுக்கு இந்த இடத்தை அளித்திருப்பது வியப்பிற்குரியது. சமண அறநூலார் ஹிம்சையை நான்காகப் பகுப்பர். திட்டமிட்டுச் செய்வது சங்கல்பீ. சமையல் முதலிய அன்றாட வினைகளில் நேர்வது ஆரம்பீ. தொழிலில் நேர்வது உத்யோகீ. தாக்குபவனை எதிர்ப்பதில் நேர்வது விரோதீ. துறவி நான்கையும் விடவேண்டும். இல்லறத்தான் கட்டாயமாக விடவேண்டியது முதலாவதையே. ஏனைய மூன்றையும் அவன் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். அதாவது தற்காப்பில் நேரும் ஹிம்சையைச் சமணம் ஹிம்சையல்ல என்று சொல்லவில்லை. ஹிம்சைதான், ஆயினும் இல்லறத்தானால் தவிர்க்க இயலாதது என்கிறது. இந்த நேர்மையை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

ஆததாயி யார்?

வீட்டிற்குள் புகுந்து தீங்கு செய்ய வருபவனைக் குறிக்க ஸ்மிருதிகள் ஆளும் சொல் ஆததாயி. வில்லை நாணேற்றி இழுத்து நிற்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். கேடு செய்வதற்கு ஆயத்தமாகி, செயலின் விளிம்பில் நிற்பவன் என்பது கருத்து. தீ வைப்பவன், நஞ்சிடுபவன், ஆயுதம் ஓங்கியவன், செல்வத்தைப் பறிப்பவன், நிலத்தைக் கவர்பவன், பிறன் மனைவியைக் கடத்துபவன் என அறுவரை ஆததாயிகளாக வசிஷ்டரின் தர்மநூல் கணக்கிடுகிறது. இத்தகையவன் குருவாயினும், முதியவனாயினும், கற்றறிந்த அந்தணனாயினும் தயங்காமல் எதிர்த்து வீழ்த்தலாம், அதில் தோஷமில்லை என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது.

கேட்பதற்கு இது வரம்பற்ற அனுமதி போலத் தோன்றும். ஆனால் நமது மரபு இதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடங்கிவிடவில்லை. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் இந்த ஆததாயி என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டு, இவர்களைக் கொன்றால் நம்மைப் பாவமே வந்தடையும் என்று கலங்குகிறான். கௌரவர்கள் ஆததாயிகள்தாம் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அரக்கு மாளிகைக்குத் தீ வைத்தவர்கள், பீமனுக்கு நஞ்சூட்டியவர்கள், நாட்டைக் கவர்ந்தவர்கள் அவர்கள். சாஸ்திர அனுமதி இருந்தும் ஏன் கலங்குகிறான்? அவ்விடத்தில் உரை எழுதும் ஸ்ரீதர சுவாமிகள் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். ஆததாயியைக் கொல்லலாம் என்னும் விதி அர்த்த சாஸ்திரத்தைச் சார்ந்தது. உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே என்பது தர்ம சாஸ்திரம். இரண்டும் மோதினால் தர்ம சாஸ்திரமே வலியது என்பது யாக்ஞவல்கியரின் தீர்ப்பு. மிதாக்ஷரம் இயற்றிய விஞ்ஞானேசுவரரும் யாக்ஞவல்கியரின் அந்தச் சுலோகத்தை விளக்கும்போது ஆததாயியைப் பற்றிய வாதத்தையே எடுத்துக்கொண்டு நீள ஆராய்கிறார்.

அர்ஜுனனின் கலக்கத்தைப் பகவான் வேறு வழியில் தீர்த்தார் என்பது நாம் அறிந்ததே. எனினும் உரையாசிரியர்களின் இந்த ஆராய்ச்சி நமக்கு ஒரு பாடம் தருகிறது. அனுமதி இருக்கிறது என்பதால் கேள்வி முடிந்துவிடுவதில்லை. அந்த அனுமதிக்குத் தர்மத்தின் மேற்பார்வை தேவைப்படுகிறது.

நாட்டின் சட்டம் கூறுவது

இனி நடைமுறைச் சட்டத்திற்கு வருவோம். ஆன்மிக இதழில் சட்டம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். நாம் வாழும் நாட்டின் நீதிநெறியை அறிந்து நடப்பதும் இல்லற தர்மத்தின் ஒரு பகுதியே.

1837-ல் மெக்காலேயின் தலைமையிலான ஆணையம் இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை அளித்தது. இந்நாட்டு மக்கள் அநீதிக்கு அடங்கிப்போகும் இயல்பினர், ஆகையால் தற்காப்பு உரிமைக்கு மேலும் மேலும் தடை விதிப்பதைவிட எதிர்த்து நிற்கும் துணிவை அவர்களிடம் எழுப்புவதே தக்கது என்பது அவ்வாணையத்தின் எண்ணமாக இருந்தது. அந்நியரின் வாயிலிருந்து வந்த அக்கணிப்பு நமக்குக் கசப்பானதுதான். அச்சத்தை அகிம்சை என்று அழைக்காதீர்கள் எனச் சுவாமிஜி பிற்காலத்தில் நம்மை இடித்துரைத்ததையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வகுத்தன. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக உள்ளன. எண்கள் மாறினாலும் கோட்பாடு பெரும்பாலும் அதுவே. அதன் சாரம் வருமாறு.

முதலாவது, உரிமை. ஒருவர் தம் உடலையும் பிறர் உடலையும், தம் பொருளையும் பிறர் பொருளையும் காக்கலாம். அண்டை வீட்டாரைக் காக்க ஓடுவதும் இதில் அடங்கும். தாக்க வருபவன் குடிபோதையிலோ மனநலம் குன்றிய நிலையிலோ இருந்து, அதனால் அவன் செயல் சட்டப்படி குற்றமாகாது போயினும், அவனிடமிருந்து காத்துக்கொள்ளும் உரிமை குறைவதில்லை. தாக்குதல் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடலுக்கு ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழும்போதே இவ்வுரிமை தொடங்குகிறது.

இரண்டாவது, அளவு. தற்காப்பிற்குத் தேவையான அளவைக் கடந்த தீங்கு செய்ய எவருக்கும் உரிமையில்லை. காவல் துறையின் உதவியை நாடுவதற்கு நேரமும் வாய்ப்பும் இருக்கும்போது இவ்வுரிமையே எழுவதில்லை. இவ்விரண்டையும் 37ஆம் பிரிவு விதிக்கிறது. ஏனைய பிரிவுகள் யாவும் இதற்கு உட்பட்டவை.

மூன்றாவது, உச்ச எல்லை. பொருளைக் காக்கும் முயற்சியில் எதிரியின் உயிர் போகுமளவிற்குச் செல்லச் சட்டம் நான்கு சூழல்களில் மட்டும் இடமளிக்கிறது. வன்முறையோடு கூடிய கொள்ளை ஒன்று. சூரியன் மறைந்தபின்னும் உதிப்பதற்கு முன்னும் வீட்டை உடைத்து நுழைதல் இரண்டு. மக்கள் வசிக்கும் அல்லது பொருள் சேமிக்கும் கட்டடத்திற்குத் தீயாலோ வெடிபொருளாலோ நாசம் விளைவித்தல் மூன்று. திருட்டு, நாசவேலை, வீட்டில் அத்துமீறி நுழைதல் ஆகியவை மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தை எழுப்பும் சூழல் நான்கு. இவற்றுள் அடங்காத சாதாரணத் திருட்டில் திருடனைத் தடுக்கலாம், பிடிக்கலாம். அவன் உயிரைப் போக்கலாகாது.

இரவிற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இந்த வேறுபாடு நம் சட்டத்திற்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் யாத்திராகமத்தில் உள்ள பண்டைய விதியும், இரவில் உடைத்து நுழையும் திருடன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை, சூரியன் உதித்தபின் எனில் பழி உண்டு என்கிறது. காரணம் எளியது. இருளில் வந்தவன் பொருளுக்காக வந்தானா, உயிருக்காக வந்தானா என்பது தெரியாது. அவன் கையில் இருப்பது டார்ச்சா, கத்தியா என்று தெரியாது. கூப்பிட்டால் உதவிக்கு வருபவரும் தொலைவில் இருப்பர். ஆகவே சட்டம் இருளுக்கு இரங்குகிறது என்று சொல்லலாம். விளக்கு எரிந்து, வந்தவன் யாரென்று தெரிந்து, அவன் வெறுங்கையுடன் நடுங்கி நிற்கிறான் என்பது புலனானபின், தேவையான அளவு என்பதும் சுருங்கிவிடுகிறது.

நான்காவது, கால எல்லை. இரவில் உடைத்து நுழைந்தவனுக்கு எதிரான உரிமை அவன் வீட்டிற்குள் இருக்கும்வரை நீடிக்கும். திருடன் பொருளோடு தப்பிச் சென்றுவிட்டாலோ, காவலரின் உதவி கிடைத்துவிட்டாலோ, பொருள் மீண்டுவிட்டாலோ திருட்டிற்கு எதிரான உரிமை முடிந்துவிடுகிறது. உடலைக் காக்கும் உரிமையும் ஆபத்து பற்றிய அச்சம் நீடிக்கும்வரைதான்.

நீதிமன்றங்கள் இதனை மனிதத் தன்மையோடு அணுகியுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். உயிராபத்தில் இருப்பவன் ஒவ்வோர் அடியையும் துலாக்கோலில் நிறுத்து அடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை ஏற்றுக்கொண்டுள்ளது. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2010-ல் தற்காப்புக் கோட்பாடுகளைப் பத்தாகத் தொகுத்தளித்தபோது, சட்டத்தை மதித்து வாழும் குடிமகன் கோழையாக ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதையும் அது தெளிவாக்கியது. தற்காப்பிற்காகவே செயல்பட்டதாகக் கூறுபவர் அதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். முன்திட்டமின்றி, நல்லெண்ணத்தோடு தற்காப்பில் இறங்கி, வரம்பைக் கடந்து உயிர்ப்பலி நேர்ந்துவிட்டால், சட்டம் அதைக் கொலையாகக் கருதாமல் அதனினும் குறைந்த குற்றமாகவே கருதுகிறது. எனினும் அது குற்றமே என்பதை மறக்கலாகாது.

இல்லாதபோதும் அடிக்கும் கை

வீட்டைக் காப்பதற்கு மின்கம்பி கட்டுவோர் உண்டு. பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்த்தது. அண்டை வீட்டின் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டதால், அவ்வீட்டினர் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினர். வாய்மொழி எச்சரிக்கை பலிக்கவில்லை. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியை இவர் கட்டினார். ஒரு பெண் அதைத் தொட்டு மாண்டாள். தம் இடத்தில் அத்துமீறி நுழைந்தவருக்கே தீங்கு நேர்ந்தது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கவனமின்மையால் மரணம் விளைவித்த குற்றத்திற்கான தண்டனையை உறுதி செய்தது.

இவ்வழக்கில் தர்ம சிந்தனைக்கும் இடமுண்டு. தற்காப்பு என்பது எதிரே நிற்பவனைப் பார்த்து, ஆபத்தை அளந்து, அதற்கேற்ப எழும் செயல். மின்கம்பிக்குக் கண்ணில்லை. திருடன், பசித்த சிறுவன், வழிதவறிய முதியவர், பந்தைத் தேடி வந்த குழந்தை ஆகிய எல்லாரையும் அது ஒரே விதமாகக் கொல்லும். விவேகம் இல்லாத இடத்தில் தர்மம் இருக்க இயலாது. மனிதன் விவேகத்தைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் ஒரு கம்பியை நிறுத்திவிட்டு உறங்கப் போவது பொறுப்பைக் கைவிடுவதாகும்.

கட்டுண்டவன் முன் அர்ஜுனன்

காலத்தின் எல்லை பற்றிச் சட்டம் சொல்வதை ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் ஒரு காட்சியாகவே நமக்குக் காட்டுகிறது. போர் முடிந்த இரவில் பாசறைக்குள் புகுந்தான் அசுவத்தாமன். உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றான். இரவில் புகுந்து உறங்குபவரைக் கொல்பவனைவிடக் கொடிய ஆததாயி யார்? அவன் வாளோடு நுழைந்த கணத்தில் ஒரு காவலன் அவனை வீழ்த்தியிருந்தால், எந்தச் சாஸ்திரமும் எந்தச் சட்டமும் அக்காவலனைக் குறை கூறியிராது.

ஆனால் அர்ஜுனன் அவனைத் துரத்திப் பிடித்துக் கயிற்றால் கட்டியபோது நிலைமை மாறிவிட்டது. கண்ணன் அவனைச் சோதிக்கிறான். இவனைக் கொல், விட்டுவிடாதே என்கிறான். அதே மூச்சில், போதையில் இருப்பவனையும், உறங்குபவனையும், சித்தம் கலங்கியவனையும், சரணடைந்தவனையும், அஞ்சியவனையும் தர்மமறிந்தவன் கொல்வதில்லை என்றும் நினைவூட்டுகிறான். மைந்தரை இழந்த தந்தையாகிய அர்ஜுனன் கொல்லவில்லை. அவனைக் கொணர்ந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான்.

திரௌபதி என்ன செய்தாள்? அவிழ்த்து விடுங்கள் என்றாள். குருவின் மகன் இவன். நான் அழுவதுபோல் இவன் தாயும் அழ வேண்டாம் என்றாள். ஐந்து மைந்தர்களின் உடல்கள் இன்னும் எரியூட்டப்படாத வேளையில் சொன்னாள். பீமன் மட்டும் கொல்ல வேண்டும் என்று நின்றான். கண்ணனோ, ஆததாயியைக் கொல்ல வேண்டும் என்பதும் இத்தகையவனைக் கொல்லலாகாது என்பதும் இரண்டும் என் ஆணைகளே, இரண்டையும் நிறைவேற்று என்றான். அர்ஜுனன் அவன் தலைமணியைக் கேசத்தோடு அறுத்தெடுத்து, கட்டை அவிழ்த்து, பாசறையிலிருந்து வெளியேற்றினான். உயிர் போகவில்லை. குற்றம் தண்டனையின்றியும் போகவில்லை.

தற்காப்பும் பழிவாங்குதலும் ஒரே கையால், ஒரே ஆயுதத்தால் செய்யப்படுபவை. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இடையில் இருப்பது ஒரு கணம். எதிரியின் கை தாழ்ந்துவிட்ட கணம் அது. அதற்கு முன் அடித்த அடி காத்தலைச் சேர்ந்தது. அதற்குப் பின் அடிப்பது வேறொன்றைச் சேர்ந்தது.

பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டி ஊரே கூடி அடிக்கும் காட்சி நம் நாட்டில் அரியதன்று. அடிப்பவருள் வழக்கமாகக் கோயிலுக்குச் செல்பவரும் இருப்பர். 2018-ல் கேரளத்தின் அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடினார் என்று கூறி ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்துக் கட்டி அடித்தனர். அவர் இறந்தார். 2023-ல் நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் எவரும் தம்மைக் கொலைகாரர் என்று அன்று காலையில் எண்ணியிருக்க மாட்டார். கூட்டத்தின் கோபம் தர்மாவேசம் போன்ற வேடத்தில் வரும். அசுவத்தாமனைக் கட்டி வைத்துக்கொண்டு கையை அடக்கிய அர்ஜுனனை அத்தகைய வேளையில் நினைக்க வேண்டும்.

உள்ளத்தின் எல்லை

சட்டம் செயலைப் பார்க்கிறது. ஆன்மிக சாதகனோ தன் உள்ளத்தையும் பார்க்க வேண்டியவன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவத் தத்துவ ஞானி தாமஸ் அக்வினாஸ், தற்காப்புச் செயல் ஒன்றிற்கு இரு விளைவுகள் உண்டு என்று ஆராய்ந்தார். தன்னுயிரைக் காத்தல் ஒன்று. தாக்கியவன் உயிர் போதல் மற்றொன்று. முன்னதை மட்டுமே நாடி, தேவைக்கு மிகாத வலிமையைப் பயன்படுத்தினால் அச்செயல் நெறிக்கு உட்பட்டது என்பது அவர் முடிவு. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான், ஆசையும் மமதையும் மனக்கொதிப்பும் நீங்கியவனாகப் போர்செய்யும்படி அர்ஜுனனைப் பணிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குரிய உரைகல் கிடைக்கிறது. தடியை ஓங்கும்போது என் மனம் நாடுவது குழந்தையின் பாதுகாப்பையா, இவனுடைய வேதனையையா?

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்பின் கதை அனைவரும் அறிந்தது. பிரம்மசாரியிடம் உபதேசம் பெற்ற பாம்பு கடிப்பதை விட்டது. சிறுவர்கள் அதை வாலைப் பிடித்துச் சுழற்றி அடித்துக் குற்றுயிராக்கினர். திரும்பி வந்த குரு, கடிக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன், சீற வேண்டாம் என்று சொன்னேனா என்று கேட்டார். இக்கதையைப் பொறுமை பற்றியதாக மட்டும் நாம் கேட்டு வருகிறோம். வீட்டுக் காவலுக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் இல்லை. வாயிலில் எரியும் விளக்கு ஒரு சீறல். உறுதியான தாழ்ப்பாள், குரைக்கும் நாய், அலாரம், யார் அங்கே என்று உரக்கக் கேட்கும் குரல், அண்டை வீட்டாரோடு உள்ள நல்லுறவு ஆகிய யாவும் சீறல்களே. திருட வருபவருள் பலர் சீறலைக் கேட்டதும் ஓடிவிடுவர். சீறுவதற்கு முன்பே கடிப்பது குருவின் உபதேசம் அன்று.

மகாத்மா காந்தியும் இவ்வினாவோடு போராடியவர். 1909-ல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜில் வீடு புகும் திருடனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். வந்தவன் தந்தையாயின் ஒரு வழி, அயலானாயின் ஒரு வழி, ஆயுதம் ஏந்தியவனாயின் ஒரு வழி என்றா நடப்போம் என்று கேட்டு, திருடனிடம் இரக்கம் காட்டி அவன் மனத்தை மாற்றும் வழியை ஆராய்கிறார். அவரே 1920-ல், கோழைத்தனத்திற்கும் வன்முறைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றால் வன்முறையைத்தான் பரிந்துரைப்பேன் என்றும் எழுதினார். இவை முரண்பட்டவை அல்ல. ஒன்று இலட்சியத்தின் உச்சி. மற்றொன்று அதற்குக் கீழே இறங்கவே கூடாத அடிப்படி. நாம் இவ்விரண்டிற்கும் இடையே எங்கோ ஏறிக்கொண்டிருப்பவர்கள்.

சட்டம் தண்டிக்காது என்பதனாலேயே தர்மம் அதைப் போற்றும் என்று கொள்ள வேண்டாம். இரவில் உடைத்து நுழைந்தவன் அடிபட்டு இறந்தால் சட்டம் இல்லத்தவரை விடுவிக்கலாம். அவ்வீட்டின் கூடத்தில் ஓர் உயிர் பிரிந்தது என்னும் உண்மையிலிருந்து அவரை யார் விடுவிப்பர்? ஒரு நகைக்காகவோ தொலைக்காட்சிப் பெட்டிக்காகவோ மட்டும் அது நேர்ந்திருந்தால், அந்தப் பொருள் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அதன் விலை நினைவிற்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே சாதகனுக்கு ஒரு வரையறை: உயிரைக் காக்க வலிமையைப் பயன்படுத்து, பொருளைக் காக்க அறிவைப் பயன்படுத்து. பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் அயலான் நுழைந்ததாகத் தெரிந்தால் முதலில் குழந்தைகளையும் முதியோரையும் ஓர் அறையில் சேர்த்துத் தாழிடுங்கள். 112 என்னும் அவசர எண்ணை அழையுங்கள். விளக்குகளை எரியவிட்டுக் குரல் கொடுங்கள். வந்தவன் ஓடிவிட்டால் ஓடட்டும், இருளில் துரத்த வேண்டாம். அவன் தாக்க வந்தால், உங்களை நம்பியவர்களுக்காக அஞ்சாமல் எதிர்த்து நில்லுங்கள். அப்போது உங்கள் கை நடுங்க வேண்டியதில்லை. அவன் வீழ்ந்தாலோ ஆயுதத்தைப் போட்டாலோ உங்கள் கையும் தாழட்டும்.

பிடிபட்டவனைப் பாதுகாத்துக் காவலரிடம் ஒப்படையுங்கள். பொதுமக்கள் ஒருவரைப் பிடித்தால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்திற்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு கூறுகிறது. அதுவரை அவன் உங்கள் பொறுப்பில் இருப்பவன். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். இரத்தம் வழிந்தால் துணியால் கட்டுங்கள். அண்டை அயலார் கைநீட்டினால் தடுத்து நில்லுங்கள். சற்றுமுன் அவனிடமிருந்து குடும்பத்தைக் காத்த அதே கை, இப்போது கூட்டத்திடமிருந்து அவனைக் காக்கட்டும். காத்தல் என்னும் ஒரே தர்மம்தான் இரண்டிலும் செயல்படுகிறது. நடந்ததை மறைக்காமல் உள்ளபடி காவலரிடம் கூறுங்கள்.

பின்னர் பூஜையறையில் அமரும்போது அவனுக்காகவும் ஒரு பிரார்த்தனை செய்யுங்கள். எந்தப் பசியோ, எந்தப் பழக்கமோ, எந்தத் தீய நட்போ அவனை உங்கள் பின்கதவுக்குக் கொண்டுவந்தது. பவஹாரி பாபாவைப் போல மூட்டையைச் சுமந்து அவன் பின்னால் ஓடும் நிலை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. திரௌபதியைப் போல அவன் தாயை நினைத்துப் பார்க்கும் நிலையாவது வாய்க்கட்டும். அஞ்சாத நெஞ்சையும் வெறுக்காத நெஞ்சையும் ஒருங்கே தந்தருளுமாறு எல்லா இல்லங்களுக்கும் காவலாக நிற்கும் இறைவனை வேண்டுவோமாக.